ஏழாம் ரீல் சிரிப்பு

ஜூன் 3, செவ்வாய்

"மூணாம் பெஞ்சு" மறுபடி தியேட்டருக்கு வருகிறதாம். காலையில் படக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பழைய படங்களைத் தூசு தட்டி, நிறம் ஏற்றி, மறுபடி வெளியிடுவதுதான் இப்போது கோடம்பாக்கத்துக்குப் பிழைப்பு. படச்சுருள் தப்பித்துவிட்டது. ஏழாம் ரீலின் ஒலி மட்டும் பூஞ்சை பிடித்துப் போய்விட்டதால் அந்தப் பத்து நிமிடத்துக்கு மறுபடி டப்பிங் பேச வேண்டும். கதாநாயகி ரூபலுக்குக் குரல் கொடுத்தது நான். அப்போது எனக்கு இருபத்திரண்டு. இப்போது ஐம்பத்துநாலு.

"வசனத்தை யாரை வேணா வச்சுப் பேசிடலாம் மேடம். அந்தச் சிரிப்புக்குத்தான் நீங்க வேணும்" என்றார் பேசியவர்.

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது, மறைப்பானேன். கற்பகம் என்ற பெயர் யாருக்கும் தெரியாது. அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் தெரியும். முதலில் ஒரு சின்ன மூச்சு, பிறகு இரண்டு குலுங்கல், கடைசியில் தொண்டைக்குள்ளேயே அடங்கும். ரிங்டோனாக வந்தது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் கையைப் பிடித்து, "ஒரே ஒரு தடவை" என்பார்கள். நானும் சிரித்துக் காட்டுவேன்.

இவரிடம் சொன்னேன். குணசீலன், மின்வாரியத்தில் இருந்து போன மாதம் ஓய்வு பெற்றவர், முப்பத்தொரு வருடமாக என் கணவர். என்னைவிட இவருக்குத்தான் சந்தோஷம். உடனே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். வழக்கம்போல இரண்டு ஸ்பூன் சர்க்கரை. எனக்கு ஒன்று போதும், கல்யாணமான புதிதில் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். நல்ல மனதோடு போடுகிறவரிடம் எத்தனை தடவை சொல்வது.

இருபத்திரண்டாம் தேதி இவருக்கு மணிவிழா. வளசரவாக்கத்தில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. பத்திரிகை இன்னும் பாதிப் பேருக்குக் கொடுக்கவில்லை.

ஜூன் 4, புதன்

தையல்காரர் ரவிக்கைக் கையை இறுக்கிவிட்டார். திருப்பிக் கொடுத்தேன். மோட்டார் மறுபடி தகராறு.

மத்தியானம் உட்கார்ந்து ஏழாம் ரீலை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். கல்லூரியில் பையன்கள் பந்தயம் கட்டுவார்கள், ஒரு மாதத்துக்குள் அவளிடம் முத்தம் வாங்கிக் காட்ட வேண்டும் என்று. ஆண்டு விழா அன்று ஒப்பனை அறையில் அவள் தனியாக இருக்கும்போது ஹீரோ உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுவான். கையைப் பிடிப்பான். ஜன்னலுக்கு வெளியே மற்றவர்கள் ஏறி நின்று எண்ணுவார்கள். அவள் திமிறுவாள், முகத்தைத் திருப்புவாள், அப்புறம் சிரிப்பாள். சிரித்ததும் அவன் கையை விடுவான். அவளாகவே அவன் சட்டையைப் பிடித்து இழுப்பாள். பாட்டு.

தியேட்டரில் விசில் பறந்தது. நானும் இவரும் தனித்தனியாகப் போய்ப் பார்த்தோம். அப்போது எங்களுக்குள் பேச்சே கிடையாது. இவர் நாலு தடவை பார்த்ததாகச் சொல்வார்.

எங்கள் கதையும் கிட்டத்தட்ட சினிமாதான். வடபழனி பஸ் ஸ்டாப்பில் ஆரம்பித்தது. எல்லா விசேஷத்திலும் இவர் அதைச் சொல்வார், நான் கடைசியில் அந்தச் சிரிப்பைச் சிரிப்பேன், எல்லோரும் கைதட்டுவார்கள். மணிவிழாவிலும் சொல்லப்போகிறார். இப்போதே கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்கிறார். அறுபது வயதுக்கு இது தேவையா என்று கிண்டல் செய்தேன்.

ஜூன் 6, வெள்ளி

இன்று ஸ்டுடியோ. எல்லாம் கம்ப்யூட்டர். ஒலிப்பதிவாளர் ஒரு பெண், மெர்லின், நாகர்கோவில்காரி, இருபத்தாறு இருக்கும். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் நான் ஒருத்திதான் என்று சொன்னாள். அந்தக் காலத்துப் பழக்கம்.

டப்பிங்கில் முதலில் பைலட் டிராக்கைக் காதில் போடுவார்கள். படப்பிடிப்பு நடந்த இடத்திலேயே பதிவான குரல் அது. கேமரா இரைச்சல், விசிறிச் சத்தம், யாரோ இருமுவது எல்லாம் இருக்கும். அதைக் கேட்டு, உதட்டைப் பார்த்து, அந்த அளவுக்கு நாம் பேச வேண்டும். பேசி முடித்ததும் பைலட்டை எடுத்துவிடுவார்கள். படம் பார்க்கிறவர்கள் அதைக் கேட்கவே முடியாது. குடோனில் ஒரு டப்பாவில் ஏழாம் ரீலின் பைலட் நாடா மட்டும் நன்றாக இருந்ததாம்.

வசனங்களை அரை மணியில் முடித்தேன். சிரிப்பு வரும் இடம் வந்தது. மெர்லின் பைலட்டைப் போட்டாள்.

ரூபல் சிரிக்கவில்லை. "போதும்" என்கிறாள். ஒரு தடவை இல்லை. "போதும், போதும், போதும்." மூன்றாவதில் குரல் உடைகிறது.

ரூபலுக்குத் தமிழ் வராது. வசனத்தைப் பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லச் சொல்ல வாயசைப்பாள். அவளுக்குத் தானாகத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அதுதான். செட்டில் சாப்பாடு பரிமாறுகிறவர் சோற்றை அள்ளி அள்ளி வைப்பார், கையை நீட்டி "போதும்" என்பாள். டப்பிங்குக்கு வரும் யூனிட்காரர்கள் அன்றைக்கெல்லாம் அதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

தொண்டை சரியில்லை, திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

1993-இல் இதைக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஜூன் 7, சனி

உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். தொண்டையில் ஒன்றும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

டைரக்டர் சௌந்தரபாண்டியன் வந்திருந்தார். எழுபத்தைந்து வயது, கையில் தடி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் கெட்டவர் இல்லை. டப்பிங் தியேட்டரில் எவனாவது வாய்த்துடுக்காகப் பேசினால் வெளியே அனுப்பிவிடுவார். நான் வேலை முடித்து இறங்கும்போது இருட்டிவிட்டால் கம்பெனி காரில்தான் வீட்டுக்கு அனுப்புவார்.

ஒன்பது டேக் போனது. சிரிப்பு வரவில்லை. வந்தது, ஆனால் வேறு யாரோ சிரிப்பது போல இருந்தது. முப்பத்திரண்டு வருடமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் வாரி வழங்கிய சரக்கு, மைக் முன்னால் நின்றதும் காணோம்.

"வயசாயிடுச்சு சார்" என்றேன்.

அவர் பெருந்தன்மையாகச் சிரித்து, அந்தக் காட்சி எடுத்த கதையைச் சொன்னார். ஒத்திகையில் ஹீரோ கையைப் பிடித்ததுமே விட்டுவிட வேண்டும் என்று இருந்ததாம். டேக்கில், "நான் கட் சொல்ற வரைக்கும் விடாதே" என்று அவனிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லல. சொன்னா நடிச்சிடும்மா. நமக்கு நிஜமா வேணும்ல" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். எத்தனை பேட்டியில் சொல்லியிருப்பாரோ.

மெர்லின் திரும்பியே பார்க்கவில்லை. திரையில் ரூபலின் முகம் வாய் திறந்தபடி நின்றிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "வாய் மட்டும்தான் சார் சிரிக்கிற மாதிரி இருக்கு. மத்தபடி இது சிரிப்பு இல்லையே" என்றாள்.

டைரக்டருக்குக் கோபம் வரவில்லை. அதைச் சிரிப்பாக்கத்தானே கற்பகம் இருக்கிறாள் என்றார். என்னைப் பாராட்டித்தான் சொன்னார்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். அலமாரியை அடுக்கினேன். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். மாடிக்குப் போய்த் துணி எடுத்து வந்தேன், அது காயவே இல்லை. எதற்கு இந்தப் பறப்பு என்று இவர் கேட்டார். பத்திரிகை கொடுக்கிற வேலை பாக்கி என்றேன்.

வெள்ளிக்கிழமை எழுதியது பொய். அதை அடிக்கப் போவதில்லை, பக்கத்திலேயே இதையும் எழுதிவைக்கிறேன்.

கேட்டேன். கேட்காமல் எப்படிப் பேச முடியும்? பைலட்டைக் கேட்காமல் எந்த டப்பிங் கலைஞரும் வாய் திறந்ததில்லை. அந்தக் காலத்தில் அதே துண்டு திரும்பத் திரும்ப ஓடும். பதினைந்து இருபது தடவையாவது அவள் "போதும்" என்றாள், என் காதில். எழுதியிருந்த வசனத்தில் "போதும்" இல்லை. "சார், அந்தப் பொண்ணு வேற என்னமோ சொல்லுது" என்றேன். "அது பைலட்மா, யாருக்கும் கேக்காது. அந்த இடத்துல சிரிச்சிடு" என்றார். சிரித்தேன். ஒரே டேக். மொத்தத் தியேட்டரும் கைதட்டியது. அன்று வாங்கிய கைதட்டல்தான், இன்றுவரை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ரூபலை நான் நேரில் பார்த்ததே இல்லை. முகம் கொடுப்பவளும் குரல் கொடுப்பவளும் சந்திப்பது அபூர்வம். இப்போது எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள், தெரியாது. என்றாவது அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்திருப்பாளா? பார்த்திருந்தால், தான் அழுத இடத்தில் இன்னொருத்தி சிரிப்பது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடி அலங்காரம் பண்ண வேண்டாம்.

ஜூன் 12, வியாழன்

மைக் முன்னால் நின்று, பைலட்டில் இருப்பது போலவே மூன்று முறை "போதும்" என்றேன். மூன்றாவதில் குரல் உடைந்தது. நான் உடைக்கவில்லை, தானாக உடைந்தது. உதட்டோடு அப்படியே பொருந்தியது. பொருந்தாமல் எங்கே போகும், அவள் சொன்னதே அதுதானே.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெர்லின் பதிவை நிறுத்தாமல், பட்டனிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

டைரக்டர் தடியை ஊன்றி உள்ளே வந்தார். கோபமில்லை, பயந்துபோன மாதிரி இருந்தார். "என்னம்மா பண்ற? இந்தச் சிரிப்பு இல்லன்னா அவன் பொறுக்கி ஆயிடுவான்மா. அப்புறம் எப்படிப் பாட்டு வரும்?"

"அதான் சார். என் சிரிப்பாலதான் அவன் ஹீரோ."

"அன்னைக்கு இருந்த ரசனை அது. நாம யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணல."

"கெட்ட எண்ணம் இல்லதான் சார். ஆனா அந்தப் பொண்ணு சொல்லிச்சு. நாம ரெண்டு பேரும் கேட்டோம்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு, ஜனங்கள் இந்தச் சிரிப்புக்குத்தான் வருகிறார்கள், விநியோகஸ்தருக்கு என்ன பதில் சொல்வது என்றார். என்னால் மறுபடி சிரிக்க முடியாது என்றேன். வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்லச் சொன்னார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். எழுதும்போது தைரியமாகத் தெரிகிறது. ஆட்டோவில் வரும்போது, திரும்பிப் போய்ச் சிரித்துவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

பெங்களூரிலிருந்து மகள் மதுவந்தி வந்தாள். பூக்காரரிடம் சொல்லியாயிற்று. சீர்வரிசைத் தட்டுகளுக்குப் பழம் நாளை.

சாப்பிடும்போது இவர் பஸ் ஸ்டாப் கதையை ஒத்திகையாக அவளிடம் சொன்னார். ஏழு மாதம் என் பின்னால் அதே பஸ்ஸில் வந்தது. நான் ஏறெடுத்தும் பார்க்காதது. 1994 பொங்கலுக்கு முந்தின வாரம் வடபழனி பஸ் ஸ்டாப்பில் என் மணிக்கட்டைப் பிடித்து, பிடிக்கும் என்று சொன்னால்தான் விடுவேன் என்றது. "எட்டுப் பேரு பாக்குறாங்க. உங்கம்மா என்ன பண்ணா தெரியுமா? சிரிச்சா. அந்தச் சிரிப்பு! எனக்கு அதுக்கு மேல என்ன பதில் வேணும்?" அடுத்த வாரமே பெற்றோரோடு பெண் கேட்டு வந்தார். அரசாங்க வேலை, நல்ல குடும்பம். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

எல்லாம் உண்மை. ஒரு வார்த்தைகூட இவர் கூட்டிச் சொல்வதில்லை.

மதுவந்தி என்னைப் பார்த்தாள், சிரிப்புக்காக. நான் ரசம் எடுத்து வர உள்ளே போய்விட்டேன்.

அன்று ஏன் சிரித்தேன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை.

ஜூன் 18, புதன்

மெர்லினிடமிருந்து தகவல். பழைய வி.சி.டி. ஒன்றிலிருந்து அந்தச் சிரிப்பை எடுத்துச் சுத்தம் செய்து ஒட்டிவிட்டார்களாம். அவள் செய்ய மாட்டேன் என்றதால் வேறு ஆள் செய்தாராம். "சாரி மேடம்" என்று எழுதியிருந்தாள்.

ஆக, படம் வெளியாகும். ரூபல் மறுபடியும் சிரிப்பாள். இருபத்திரண்டு வயதில் நான் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க எனக்கு வழியில்லை. தியேட்டர் பக்கம் போகப் போவதில்லை.

ரவிக்கைக் கை இப்போது சரியாக இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

இதை எழுதாமல் மணிவிழாவுக்குப் போக முடியாது போலிருக்கிறது.

பஸ் ஸ்டாப்பில் எனக்குப் பயம். இவர் யாரென்றே தெரியாது. ஏழு மாதம் பின்னால் வருகிறவன் என்று மட்டும் தெரியும். பஸ்ஸை மாற்றினேன், இவரும் மாற்றினார். மணிக்கட்டு வலித்தது. எட்டுப் பேரும் வேடிக்கை பார்த்தார்கள், ஒருவர் சிரித்தார். கத்தினால் என் பெயர்தான் கெடும். கையை விடவைக்க எனக்கு ஒரு வழிதான் தெரிந்திருந்தது. அந்தத் தீபாவளிக்குத்தான் படம் வந்திருந்தது. அதில் அவள் சிரித்ததும் அவன் கையை விட்டுவிடுவான். சிரித்தால் விட்டுவிடுவார்கள் என்று நான் கற்றுக்கொண்டது என் சிரிப்பிலிருந்துதான். சிரித்தேன். இவரும் விட்டார். இவரும் அதே படத்தில்தானே கற்றுக்கொண்டிருக்கிறார், நாலு தடவை பார்த்து.

அப்புறம் முப்பத்தொரு வருடம். நான் டைபாய்டில் கிடந்தபோது மூன்று வாரம் தூங்காமல் பார்த்துக்கொண்டவர். ஒரு நாள் கை ஓங்கியதில்லை. மதுவந்தியின் எல்லாப் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் லீவு போட்டுப் போனவர். இவரை எனக்குப் பிடிக்கும். எப்போதிலிருந்து என்று தெரியாது. அன்றிலிருந்து இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

மணிவிழா முடிந்தது. கலச நீர், மாலை மாற்றுதல், மறுபடி தாலி. பேரன் பேத்தி எடுத்தவர்கள் போல எல்லோரையும் எங்கள் காலில் விழவிட்டு ஆசீர்வாதம் செய்தோம். சாம்பாரில் கொஞ்சம் உப்பு கம்மி.

சாப்பாட்டுக்கு முன்னால் இவர் மைக்கைப் பிடித்தார். பஸ் ஸ்டாப் கதை. சபை முழுக்க ஏற்கெனவே தெரிந்த கதை, ஆனாலும் சரியான இடங்களில் சிரித்தார்கள். "எனக்கு அதுக்கு மேல என்ன பதில் வேணும்?" என்று முடித்து, மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினார். இருநூறு பேர் காத்திருந்தார்கள்.

நான் சிரிக்கவில்லை.

வீம்புக்கு இல்லை. அவமானப்படுத்தவும் இல்லை. இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சும்மா நின்றேன். என் மூச்சு மட்டும் மைக்கில் கேட்டது. யாரோ, மேடத்துக்குக் கூச்சம் என்றார்கள். இவர் மைக்கை எடுக்காமல் நீட்டியபடியே நின்றார். முதலில் குறும்பாகப் பார்த்தார், பிறகு புரியாமல், பிறகு வேறு மாதிரி. மதுவந்தி வந்து மைக்கை வாங்கி, எல்லோரும் சாப்பிட வாங்க என்றாள்.

வீட்டுக்கு வந்து கழுத்து மாலையைக் கழற்றிவைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஏன் சிரிக்கல?"

என் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக் காட்டினேன். அவர் அதையே பார்த்தார்.

"அன்னைக்கு... நீ பயந்துட்டியா?"

"ம்."

"அப்ப அந்தச் சிரிப்பு?"

"நீங்க கைய விடணுமேன்னு."

வெளியே மதுவந்தி பாத்திரங்களை எண்ணி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இதையா நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. நான் ஆறுதல் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

ஜூன் 23, திங்கள்

காலையில் இவர் பேப்பரை விரித்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நேற்றைய மாலைகளைப் பிரித்துப் பூவை முறத்தில் போட்டேன். மதுவந்தி இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

சமையலறையில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. போய் நின்றேன். டம்ளரில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டிருந்தார். இரண்டாவது ஸ்பூனை அள்ளி, டம்ளருக்கு மேலே பிடித்தபடி நின்றார்.

"போதுமா?" என்று கேட்டார்.

"போதும்" என்றேன்.

அள்ளிய சர்க்கரையை மறுபடி டப்பாவிலேயே கொட்டினார்.